சீனி போட்ட மீன் தலைக் கறி

சின்ன வெங்காயத்தை உரிப்பதற்கு முன் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டால் கண் எரியாது, ஆச்சி. இதை நான் உங்கள் சமையல்கட்டில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் சொந்தமாகக் கண்டுபிடித்தேன். வைரவன் அண்ணே இப்போது அதைத் தன்னுடைய யோசனை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சை எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று சொன்னேன்.

நிறைகுடம் உணவகத்தின் சமையல்கட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் காரணம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். "தொட்டியில் இருந்த மீன் குறித்துத் தாங்கள் அறிந்ததை வெள்ளிக்கிழமைக்குள் நல்ல தமிழில், அடித்தல் திருத்தல் இன்றி எழுதித் தரவும்" என்பது உங்கள் வாசகம். எங்களுக்கு முதலாளியம்மா ஆவதற்கு முன் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர் நீங்கள். ஒற்றுப்பிழை இருந்தால் குற்றத்தைவிட அதுதான் முதலில் உங்கள் கண்ணில் படும். நான் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவள், அந்தத் தைரியத்தில் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பதிலுக்கு ஆறு கோடு விட்டிருந்தீர்கள். போதாது என்று கூடுதல் தாள் இணைத்திருக்கிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்காது. சமையல்கட்டில் எனக்குப் பெயர் "புதுசு". ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பெர்னடெட். வயது முப்பத்தொன்பது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ரப்பர் கையுறைக்குள் காற்றை அடைத்து எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு நாளைக்கு மூவாயிரம் கை பார்த்திருக்கிறேன். அப்புறம் என்னைவிட நன்றாக ஓட்டை பார்க்கிற இயந்திரம் ஒன்று வந்தது. நான் ஈப்போவுக்கு, புந்தோங்கில் இருக்கிற என் அண்ணன் கஸ்பார் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"லைன் குக் தேவை" என்று உங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பற்றி வீட்டில் சொன்னபோது கஸ்பார் அண்ணன் சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"லயத்த எல்லாம் இடிச்சு இருவது வருசமாச்சு. நீ எந்த லயத்துல போயி சமைக்கப் போற?"

எங்களுக்கு லைன் என்றால் தோட்டத்து வரிசை வீடுதான். நேர்முகத்தில் "லயத்துல எத்தன வீடு ஆச்சி?" என்று நான் கேட்டதும், நீங்கள் சிரித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு நீங்களே உள்ளே கூட்டிப்போய்க் காட்டினீர்கள். ஒரே வரிசையில் மூன்று அடுப்பு. வறுவல் ஒன்று, தோசைக்கல் ஒன்று, நடுநாயகமாகக் குழம்பு அடுப்பு. அந்த வரிசைக்குத்தான் லைன் என்று பெயர், வரிசையின் கடைசியில் இருக்கும் வெட்டுப் பலகை புதுசுக்கு உரியது. குழம்பு அடுப்பு வைரவன் அண்ணேக்கு. நான் முதல் நாளே அந்த அடுப்பைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டேன். பதினோரு வருடம் வெறும் காற்றை அடைத்தவளுக்கு ஒரு கொதி வருகிற இடம் எப்படி இருக்கும் என்று நீங்கள்தான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அடுப்பு எப்போது கிடைக்கும் என்று குமுதா அக்காவைக் கேட்டேன். வெளியே மேசைகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான், கடையின் சட்டதிட்டம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

"மூனு மாசம் முடியற அன்னிக்கு முதலாளி சாப்புடுவாருல்ல, அதுல நீ வச்ச ஒன்ன சாப்ட்டுட்டு இது யாரு கைன்னு கேக்கணும். கேட்டாருன்னா அடுப்பு. கேக்கலன்னா இன்னும் மூனு மாசம் வெட்டு லா."

இதற்கு முன் இருந்த இரண்டு பேரும் ஒன்பது மாதம் வெட்டிவிட்டு ஓடிப்போனார்களாம். முதலாளி ஒருவரைப் பற்றியும் கேட்டதே கிடையாதாம்.

அந்தச் சட்டதிட்டத்தில் இன்னொன்று எனக்குத் தெரியாமல் போனது. உங்கள் வீட்டில் "இல்லை" என்று சொல்லக்கூடாது. சோறு போடுகிற இடத்தில் அந்தச் சொல் வந்தால் லட்சுமி வெளியே போய்விடுவாள். தீர்ந்தது, முடிந்தது என்பதும் கூடாது. மலாய்க்காரர் போல "ஹாபிஸ்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அதற்கும் தடை. ஒரு பொருள் தீர்ந்துபோனால் "நிறைஞ்சிருக்கு" என்று சொல்ல வேண்டும். நான் சேர்ந்த நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வைரவன் அண்ணே நண்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "புதுசு, நண்டு நிறைஞ்சிருக்குன்னு வெளிய சொல்லிரு" என்றார். நான் போய் ஒவ்வொரு மேசையாக, நண்டு நிறைய இருக்கிறது, வேண்டியதைக் கேளுங்கள் என்று உபசரித்துவிட்டு வந்தேன். எட்டு மேசையில் நண்டு கேட்டார்கள். அதில் ஒன்று பெண் பார்க்க வந்த மேசை. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போன காட்சியை நீங்களும் பார்த்தீர்கள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் வைரவன் அண்ணே என்னைப் பேசிய பேச்சில் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஆனால் நான் பாடம் கற்றுக்கொள்கிறவள். அந்தச் சொல்லை மறக்கவே மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

வைரவன் அண்ணேயைப் பற்றிக் குறை சொல்வது என் நோக்கமல்ல. நல்ல மனிதர், நல்ல சமையல்காரர். அவருக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு. சாப்பாடு சரியில்லாவிட்டால் "புதுசு வச்சது" என்பார். நன்றாக இருந்தால் பேசாமல் தோளில் துண்டைச் சரிசெய்துகொள்வார். பல் டாக்டர் இரண்டு முறை வாங்கிக் குடித்த ரசம் வறுவல் அடுப்பில் நான் வைத்தது. தைப்பிங்கிலிருந்து வந்த பாட்டுக்குழு இலையில் வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போன புளிச்சோறும் நான் வைத்ததுதான். இரண்டு தடவையும் துண்டு சரியானது. ஊறுகாயில் உப்புக் கரித்த அன்று மட்டும் என் பெயர் மூன்று மேசை தாண்டிக் கேட்டது, அந்த ஊறுகாய் பாட்டிலில் வந்தது. நான் பெற்ற பிள்ளைக்கெல்லாம் அவர் இனிஷியல் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன், அவ்வளவுதான். மொத்தம் நாற்பத்தொரு தடவை.

இப்போது மீனுக்கு வருகிறேன்.

சீனி ஒரு லோஹான் மீன். நெற்றியில் முட்டிக்கொண்டு நிற்கிற மேடும், விலாவில் எண் போலத் தெரிகிற கறுப்புப் புள்ளிகளும் உள்ள ஜாதி. டாக்டர் முதலாளியிடம் இனி சீனியைத் தொடக்கூடாது என்று சொன்ன வாரத்தில்தான் அவர் இந்த மீனை வாங்கினாராம். தின்ன முடியாவிட்டால் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்று அந்தப் பெயரையே வைத்தாராம். குமுதா அக்கா சொன்னது. கடை திறந்ததும் முதல் வேலை, வந்த இறாலில் பெரியதாக நான்கு பார்த்து உரித்து சீனிக்குக் கொடுப்பது. அது புதுசின் வேலை. தொட்டி கழுவுவதும் புதுசின் வேலை. சீனி என் விரலை மூன்று தடவை கடித்திருக்கிறது. நடந்ததற்கு அது காரணம் அல்ல. வாயில்லா ஜீவன் மேல் வர்மம் வைக்கிற பிறவி நான் அல்ல.

காரணம் வேறு. பதினோரு வருடம் ஓட்டை பார்த்த கண் சும்மா இருக்காது, ஆச்சி. முதலாளி ஏன் யாருடைய சமையலைப் பற்றியும் கேட்பதில்லை என்று இரண்டரை மாதம் கவனித்தேன். அவர் தினமும் தொட்டிக்கு எதிரே உட்காருகிறார். கண் மீன் மேல் இருக்கும். கை தானாகச் சோற்றைப் பிசையும், வாய் தானாக மெல்லும். "வா ராசா, மாமாவப் பாரு" என்று பேச்சு முழுவதும் கண்ணாடியோடுதான். ஒரு நாள் குமுதா அக்கா தவறுதலாக இன்னொரு மேசையின் தயிரைக் குழம்பு என்று ஊற்றிவிட்டார், முதலாளி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். ஓட்டை சமையலில் அல்ல, தொட்டியில் என்பது எனக்குப் புரிந்தது. அவர் கண் தட்டுக்கு வரவேண்டுமானால், அவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ அது தட்டுக்கு வரவேண்டும். கணக்கு நேராக இருந்தது. இதைவிடச் சுலபமான வழி ஏதாவது உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். அகப்படவில்லை.

அது தவக்காலம். அந்தக் காலத்தில் மீன் சமைப்பதற்குத் திருச்சபையில் தடை ஏதும் உண்டா என்று பாதர் திமோத்தியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மீன் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். இந்த மாதிரி விஷயங்களில் நான் கவனமாக இருப்பேன்.

தொட்டி வெறுமனே கிடந்தால் முதலாளி மனம் தாங்காது என்று நினைத்து, கமுந்திங்கில் என்னோடு வேலை பார்த்த ரோசரியிடம் போனேன். அவள் வீட்டில் லோஹான் வளர்க்கிறாள். அதே அளவில், கிட்டத்தட்ட அதே மேட்டோடு ஒன்று கொடுத்தாள். அதை ஆறு நாள் வெட்டுப் பலகைக்குக் கீழே அரிசி கழுவுகிற பேசினில் வைத்து வாழையிலை போட்டு மூடியிருந்தேன். குழம்புதான் வேண்டுமென்றால் அந்த மீனையே வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது ரோசரி ஆசையாக வளர்த்த மீன். அதைக் கொல்ல எனக்கு எப்படி மனம் வரும்?

எனக்கு மூன்று மாதம் முடிந்த நாள் ஒரு புதன்கிழமை. புதன்கிழமை மத்தியானம் முதலாளிக்கு மீன் தலைக் கறி, அது நாட்காட்டி மாதிரி. அன்றைக்கு லாட்டரி நம்பர் குலுக்குகிற நாளும்கூட. முதலாளி காலையில் சீனியின் விலாவைப் பார்த்து நான்கு எண் எழுதித் தருவார், இரண்டு மணிக்கு வைரவன் அண்ணே நம்பர் கடைக்குப் போய்க் கட்டிவிட்டு மூன்று மணிக்கு வருவார். போவதற்கு முன் கறியை வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றைக்கு மீன் பெட்டியைத் திறந்தார். காலையில் வந்த இரண்டு ஈக்கான் மேரா மீன் தலையையும் காணவில்லை. வாசலில் நின்ற ஷர்வினைக் கூப்பிட்டார்.

"மீன் தல நிறைஞ்சிருக்கு. முதலாளி கேட்டா சொல்லிரு, கோழி இருக்கு, அதப் போட்டுக் குடு. நான் வாரேன்."

ஷர்வின் அந்த வாரம்தான் மேசை பார்க்கச் சேர்ந்தவர். அதற்கு முன் கார் விற்றுக்கொண்டிருந்தவர். கார் விற்றவர் காதில் "இல்லை" என்று நேராகச் சொன்னாலே விழாது. அவர் போய், "முதலாளி, மீன் தல நெறைய இருக்காம்" என்று மலர்ந்த முகத்தோடு சொல்லிவிட்டார். பதில் இரண்டு நிமிடத்தில் வந்தது. பெரிய தலையாகப் பார்த்து ஒன்று போடச் சொல்லுங்கள் என்று.

நான் ஷர்வினைத் தடுத்து நிறுத்தி அந்தச் சொல்லின் அர்த்தத்தை விளக்கியிருக்கலாம். நான் நண்டு விற்ற கதையைச் சொல்லியிருந்தால் அவருக்கு உடனே புரிந்திருக்கும். ஒரு நிமிட வேலை. ஆனால் முதலாளி கேட்டு அனுப்பியிருக்கிறார், பெரிய தலையாக வேண்டும் என்கிறார், "இல்லை" என்று சொல்லவும் கூடாது. உங்கள் கடையின் சட்டத்தை ஒரு புதுசு மீறுவது அழகா? கையைக் கழுவிக்கொண்டு தொட்டி கழுவுகிற நேரம் வந்துவிட்டது என்று ஷர்வினிடம் சொன்னேன். முதலாளி அப்போது மேலே உங்களோடு போன் பேசிக்கொண்டிருந்தார். பேசினோடு போனேன், பேசினோடு வந்தேன்.

சீனி கஷ்டப்பட்டதா என்று முதலாளி விசாரணையில் கேட்டார். கஷ்டப்படவில்லை. நான்கு இறாலும் தின்று வயிறு நிறைந்திருந்தது. என் விரலை நான்காம் தடவை கடித்தது, அதோடு சரி.

குழம்பைப் பற்றி விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் ஊரில் இப்போது தப்புத் தப்பாகப் பேசிக்கொள்கிறார்கள். நல்லெண்ணெய். வெந்தயம், சோம்பு தாளித்து, இடித்த சின்ன வெங்காயம், முழுப் பூண்டு. மல்லி, மிளகாய், மிளகு மூன்றையும் வறுத்து, தேங்காயைத் தனியாகச் சிவக்க வறுத்து, அம்மியில் அரைத்தது. புளி பழைய புளி. மேடு பெரிய மேடு என்பதால் இரண்டாகப் பிளக்காமல் முழுசாகவே இறக்கினேன், மசாலா மெதுவாக உள்ளே போகட்டும் என்று. கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு அங்கேயே நின்றேன். குழம்பு அடுப்புக்கு முன்னால் நான் நின்ற முதல் தடவை அது. எண்ணெய் மேலே பிரிந்து வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆச்சி. வெங்காயம் காரணம் அல்ல. அதுதான் ஊறப்போட்டாயிற்றே.

சட்டியை நானே கொண்டுபோனேன். முதலாளி வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். தொட்டியில் ரோசரியின் மீன் புது இடம் என்ற வெட்கத்தில் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. "சீனி தூங்குது போல" என்றார். பார்க்க ஒன்றும் அகப்படாமல், மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் குனிந்து தட்டைப் பார்த்தார். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். மேட்டை உடைத்து உள்ளே விரலை விட்டு வழித்துச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு வாங்கினார்.

"லேசா ஒரு இனிப்புத் தட்டுதே. சீனி போட்டிருக்கா?"

"ஆமா முதலாளி."

"எவ்வளவு?"

"இருந்தது முழுசும் முதலாளி."

"எனக்கு சீனி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, தெரியும்ல?"

"தெரியும் முதலாளி."

"பரவால்ல லா. ஒரு நாளைக்குத்தானே" என்று சட்டியைச் சாய்த்து மிச்சத்தையும் ஊற்றிக்கொண்டார்.

நான் ஒரு பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன்.

கை கழுவுவதற்கு முன் முதலாளி விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, "இது யாரு கை?" என்றார்.

அந்தக் கேள்வி வந்துவிட்டது. ஒன்பது மாதம் வெட்டியவர்களுக்கு வராத கேள்வி. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து, "நான்தான் முதலாளி" என்று வைரவன் அண்ணே குரல். நம்பர் கடையிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மீன் பெட்டி காலி என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போன மனிதர் அவர். எந்த மீன், எங்கிருந்து வந்த மீன் என்று ஒரு விநாடி யோசித்திருக்கலாம். பாராட்டு வருகிறபோது அவருக்கு யோசிக்கிற பழக்கம் கிடையாது. துண்டைச் சரிசெய்துகொண்டார்.

நான் போய்ச் சட்டியைக் கழுவினேன். பிறகு யாரும் கேட்காத கேரட் மூன்று கிலோ வெட்டினேன். நோட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும். புது மீன் மூன்று நாளாகியும் கல்லை விட்டு வரவில்லை. சீனிக்கு உடம்பு சரியில்லை என்று முதலாளி முருகன் கோவிலில் அர்ச்சனை செய்தார். நான்காம் நாள் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தண்ணீர் அடைத்துக்கொண்டது. குமுதா அக்கா குழாயைக் கழற்றி ஒரு கைப்பிடி செதிலை எடுத்துப் போட்டார். நீலமும் முத்தும் கலந்த செதில். முதலாளி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், காபி ஆறும்வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம் புதன்கிழமை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. எனக்கும் மனசு இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். முதலாளி தேம்பிக்கொண்டே பேசினார்.

"என் சீனியக் கொன்னுட்டியேடா வைரவா. பிள்ளை மாதிரி இருந்துச்சேடா. ஆனா ஒன்னு சொல்றேன், அப்படி ஒரு மீன் தலக் கறிய என் ஆயுசுல நான் தின்னதில்ல."

நீங்கள் குறுக்கிட்டீர்கள். "வைரவா, என் முகத்தப் பாத்துச் சொல்லு. அந்தக் கறிய நீதான் வச்சியா?"

வைரவன் அண்ணே திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த நேரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். வேலை மிஞ்சும், மானம் மிஞ்சும், பழி சேரவேண்டிய இடத்தில் சேரும். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் முதலாளியின் கண்ணீரைப் பார்த்தார். "ஆயுசுல தின்னதில்ல" என்ற அந்த வார்த்தை அவர் காதில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"நான்தான் ஆச்சி" என்றார்.

அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டீர்கள். போகும்போது முதலாளி என்னைப் பார்த்து, "புதுசு, அடுத்த திங்கக்கிழமலேர்ந்து கொழம்பு அடுப்பு நீ பாத்துக்க" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி. உங்கள் கடிதம் எல்லோருக்கும் சும்மா ஒரு முறைக்குக் கொடுத்தது என்பது எனக்குத் தெரியும். ஆறு கோட்டில் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை நான் அடுப்புக்கு முன்னால் நிற்கலாம்.

ஆனால் என் மனசாட்சி விடவில்லை. குற்றமற்ற ஒருவர் என் பொருட்டுத் தண்டனை அனுபவிப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? நேற்று அவர் என்ன பாடு படுகிறாரோ என்று பார்த்துவரப் போனேன். அவர் வீடு புந்தோங்கில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. வாசலில் பத்துப் பதினைந்து செருப்பு கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன். உள்ளே அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார், சுற்றி ஆட்கள். முதலாளி தன் சொந்த மீனையே விரல் சூப்பித் தின்ற கறி என்று விஷயம் ஈப்போ முழுக்கப் பரவிவிட்டதாம். கமுந்திங்கிலிருந்து ஒரு கடைக்காரர் வேலைக்கு அழைத்துப் போக வந்திருந்தார். இரண்டு பெண்கள் கறியின் பக்குவத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வைரவன் அண்ணே சொல்லிக்கொண்டிருந்தார், கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும் என்று.

தேங்காய்ப்பால் ஊற்றவே கூடாது, ஆச்சி. வறுத்த தேங்காய். நான் வாசலிலேயே நின்று கேட்டேன். தலையை இரண்டாகப் பிளந்து போட வேண்டும் என்றும் சொன்னார். கொத்தமல்லித் தழை என்றார். ஒருவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. கஸ்பார் அண்ணன் காரணம் கேட்டார், சொல்லவில்லை. புதன்கிழமை காலையில் கடையின் பின்பக்கம் நான் அவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தேனே, அதில் இருந்த இரண்டு ஈக்கான் மேரா தலையும் நன்றாக இருந்ததாக மட்டும் சொன்னார்.

ஆகவே அனைத்தையும் அடித்தல் திருத்தல் இன்றி ஒப்புக்கொள்கிறேன். தலைகளை அப்புறப்படுத்தியது நான். குமுதா அக்காவை அன்றைக்கு லீவு போடச் சொல்லி, மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய்வந்தால் நல்லது என்று பத்து நாளாக யோசனை சொன்னது நான். மசாலாவை அரைத்து வைத்தது காலை ஒன்பது மணிக்கு. ஆர்டர் வந்தது இரண்டேகாலுக்கு. நீங்கள் என்னை வேலையை விட்டு அனுப்பலாம், போலீசுக்குப் போகலாம், திங்கட்கிழமை அடுப்பை வேறு யாருக்காவது கொடுக்கலாம். ஒரு நிரபராதியின் பெயர் துலங்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் கிடையாது.

இவ்வளவும் உங்களுக்குச் சிரமமாக இருந்தால், ஒரு சமாதானத்துக்கும் நான் தயார். விசாரணை முடிந்துவிட்டது, வைரவன் அண்ணே ஒப்புக்கொண்டுவிட்டார், மறுபடி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைப்பது வீண் அலைச்சல். மீனைக் கொன்றது அவர்தான் என்றே இருக்கட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் கிடையாது. குழம்பு வைத்தது நான் என்று மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.